500 மீட்டர் கிண்ணம் சுவரில் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வாசிக்க வருபவர்களுக்கு உதவும். சிங்கப்பூரில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு படம் மாட்ட வேண்டும். சீனாவின் குய்சோ மாநிலத்தில் இருக்கும் ஃபாஸ்ட் என்ற, கிண்ண வடிவில் உள்ள ராட்சத ரேடியோ தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் எடுத்த படமாக அது இருக்க வேண்டும். கணினித் திரையிலிருந்து பிடித்த படத்தை அச்சுக் கடைக்குக் கொண்டுபோனபோது "மங்கலாகத்தான் வரும்" என்று சொல்லிவிட்டார்கள். இதைவிடப் பெரிய படம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அந்தக் கிண்ணம் உங்கள் சுவரில் எவ்வளவு பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும்? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்பதெல்லாம் சுலபமாக முடிவாகிவிடும்.

செயற்கைக்கோள் படங்களைச் செயலாக்குவதுதான் பல ஆண்டுகளாக என் தொழில். புகைமூட்டக் காலத்தில் சுமத்ராவில் எங்கே தீ எரிகிறது என்று தேடுவது முதல் கடலோர அளவீடுகள் வரை பார்த்திருக்கிறேன். அவ்வப்போது சுவர் அளவுக்கு அச்சடித்தும் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். இலவசமாகக் கிடைக்கும் படங்களில் சிறந்தவை ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள். அவற்றில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டர். ஃபாஸ்ட் கிண்ணத்தின் விட்டம் 500 மீட்டர். ஆக, கிண்ணத்தின் குறுக்கே மொத்தமே 50 பிக்சல்தான். லேண்ட்சாட் படம் என்றால் இன்னும் குறைவு, 30 மீட்டருக்கு ஒரு பிக்சல். காசு கொடுத்து வாங்கும் படங்களில் பிளேயாடீஸ் 50 சென்டிமீட்டர் பிக்சலில் வரும். கிண்ணத்துக்கு 1,000 பிக்சல். வேர்ல்ட்வியூ-3 ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். கிண்ணத்துக்கு 1,650 பிக்சல் சொச்சம். வீட்டில் பக்கத்தில் நின்று பார்க்கும் படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல் இருந்தால் நான் திருப்தியாக இருப்பேன். அந்தக் கணக்கில் 50 சென்டிமீட்டர் பிக்சல் படத்தில் கிண்ணம் சுவரில் 17 சென்டிமீட்டர் அகலம் வரும். 30 சென்டிமீட்டர் படத்தில் 28 சென்டிமீட்டர்.

சோபாவுக்கு எதிரே இரண்டு மீட்டர் தள்ளி நின்றுதான் பார்ப்போம் என்றால் அங்குலத்துக்கு 50 பிக்சல்கூடக் கண்ணுக்குப் போதும். அதற்கு மேல் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் இந்த மாதிரிப் படத்தை யாரும் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போவதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் சோபாவில் முழங்காலை ஊன்றி, மூக்கு படும் தூரத்தில் பார்ப்பார்கள். அப்போது அங்கே ஏதாவது இருக்க வேண்டும். அதனால் 100க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. 100 என்று வைத்தால் 30 சென்டிமீட்டர் படத்தில் கிண்ணம் 42 சென்டிமீட்டர் வரை போகலாம். அதுதான் எல்லை. கிண்ணமே 1.2 மீட்டரையும் அடைக்க வேண்டும் என்றால், அதற்கு ஆளில்லா வானூர்தியோ விமானமோ எடுத்த படம்தான் தேவைப்படும், செயற்கைக்கோள் சரிப்படாது.

இதைக் கேட்டு ஏமாற்றம் அடைய வேண்டாம். 1.2 மீட்டர் படத்தில் கிண்ணம் 17 முதல் 28 சென்டிமீட்டர்தான் இருக்கும் என்றால், மிச்ச இடம் முழுக்க அதைச் சுற்றியுள்ள நிலம். 50 சென்டிமீட்டர் படத்தில் சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் நிலம் சட்டத்துக்குள் வரும். ஃபாஸ்ட் விஷயத்தில் அந்த நிலம்தான் கதையே. பிங்டாங் மாவட்டத்தின் அந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்துக் கரைத்து, கூம்பு கூம்பாக மலைகளும் அவற்றுக்கு நடுவே வட்ட வட்டமாகப் பள்ளங்களும் உருவாகியிருக்கின்றன. அப்படி ஏற்கெனவே ஏறத்தாழ உருண்டையாக இருந்த ஒரு பள்ளத்தைத் தேடிப் பிடித்துத்தான் தொலைநோக்கியைப் பதித்தார்கள். சுண்ணாம்புக்கல் பூமி என்பதால் மழைநீர் தேங்காமல் நிலத்தடிக்கு இறங்கிவிடும், சுற்றியுள்ள மலைகள் ரேடியோ இரைச்சலையும் தடுக்கும். கிண்ணத்தை மட்டும் வெட்டி எடுத்து மாட்டினால் இது எதுவும் தெரியாது, ஒரு சாம்பல் வட்டம்தான் தெரியும். நூற்றுக்கணக்கான பச்சைக் கூம்புகளுக்கு நடுவே ஒரே ஒரு பள்ளம் மட்டும் துல்லியமான வட்டமாக இருக்கிறதே, அந்தக் காட்சியைத் தரைமட்டத்திலிருந்து யாரும் பார்க்க முடியாது. இன்னொன்று, அங்கே நேரில் போனாலும் கைப்பேசியையும் டிஜிட்டல் கேமராவையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள், கருவிகளின் இரைச்சல் தொலைநோக்கியைக் கெடுக்கும் என்பதால். எனவே மேலிருந்து எடுத்த படத்துக்கு இங்கே தனி மதிப்பு உண்டு.

அடுத்து வருவது பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விட்டுவிடும் விஷயம். இதில்தான் நான் உங்கள் நேரத்தைக் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொள்ளப் போகிறேன். இந்த வகைச் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் உள்ளூர்ச் சூரிய நேரப்படி காலை பத்தரை மணியை ஒட்டித்தான் ஓர் இடத்தைக் கடக்கும். குய்சோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 25 பாகைக்கு மேல் இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த நேரத்துக்குச் சூரியன் தென்கிழக்கில் நிற்கும். வடக்கு மேலே இருக்கும்படி படத்தை வைத்தால் வெளிச்சம் கீழிருந்து வருகிறது என்று அர்த்தம். நம் கண்ணோ வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று பழகியது. விளைவு, பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். மலைக்கூம்புகள் எல்லாம் குழிகளாகிவிடும், தொலைநோக்கி ஒரு குவிமாடமாக உப்பி நிற்கும். ஒருமுறை அப்படித் தெரிந்துவிட்டால் மூளையை மாற்றிக்கொள்வது சிரமம், வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தீர்வு ரொம்ப எளிது: படத்தைத் தலைகீழாகத் திருப்பி, தெற்கை மேலே வைத்து அச்சடியுங்கள். வரைபடத்துக்கு வடக்கு மேலே இருக்க வேண்டும். சுவர்ப் படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. திருப்பியதும் கிண்ணம் குழிந்துவிடும், மலைகள் எழுந்து நிற்கும். வாங்குவதற்கு முன் முன்னோட்டப் படத்தையே திருப்பிப் பார்த்துச் சோதித்துக்கொள்ளலாம்.

எந்த மாதத்துப் படம் என்பதும் இதனோடு சேர்ந்ததுதான். ஃபாஸ்ட் 300 மீட்டர் ஆரமுள்ள ஒரு கோளத்தின் துண்டு. விட்டம் 500 மீட்டர் என்பதால் விளிம்பில் அதன் சரிவு சுமார் 56 பாகை என்று கணக்கு வருகிறது. டிசம்பர் காலையில் பத்தரைக்குச் சூரியன் அங்கே 36 பாகை உயரத்தில்தான் இருக்கும். அதனால் சூரியன் இருக்கும் பக்கத்து உள்சுவரில் பிறை வடிவத்தில் நிழல் விழும், கிண்ணத்தின் ஆழம் அழகாகத் தெரியும். ஜூன் மாதத்தில் அதே நேரத்துக்குச் சூரியன் 69 பாகைக்கு ஏறிவிடும், விளிம்பில்கூட நிழல் இருக்காது. கிண்ணம் வெள்ளைத் தட்டையாகிவிடும். ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை எடுத்த படத்தைத் தேடுங்கள். குய்சோ மேகத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் அந்த மாதங்களில் தெளிவான படம் நிறைய இருக்காது, ஆனால் தேட வேண்டியது அதைத்தான். அப்புறம், ஆறு கோபுரங்களிலிருந்து கம்பிகளில் தொங்கும், ரேடியோ அலைகளை வாங்கும் 30 டன் எடையுள்ள அறையையும் பாருங்கள். தொலைநோக்கி அன்று வானத்தில் எங்கே பார்த்துக்கொண்டிருந்ததோ அதற்கேற்ப அது நடுவிலிருந்து விலகி இருக்கும். ஒவ்வொரு தேதிப் படத்திலும் அதன் இடம் மாறும். இரண்டு மூன்று தேதிகள் கிடைத்தால், அறையும் அதன் நிழலும் தனித்தனியாகத் தெரியும் படத்தை நான் எடுப்பேன்.

எங்கே வாங்குவது? சென்டினல்-2 படங்களை கோப்பர்நிக்கஸ் தளத்தில் பதிவு செய்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், தரவின் மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். நுண்ணிய படங்களை வேர்ல்ட்வியூ, பிளேயாடீஸ் படங்களை விற்கும் மறுவிற்பனையாளர்களிடம் வாங்க வேண்டும். புதிதாக எடுக்கச் சொல்லத் தேவையில்லை, காப்பகத்தில் ஏற்கெனவே இருக்கும் படமே போதும், செலவும் குறைவு. காப்பகப் படத்துக்கும் பொதுவாக 25 சதுரக் கிலோமீட்டர் குறைந்தபட்ச அளவு வைத்திருப்பார்கள். ஐந்துக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது உங்கள் மூன்றரைக் கிலோமீட்டர் சட்டத்துக்குத் தாராளமாகப் போதும், படத்தை நகர்த்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்கவும் இடம் இருக்கும். விலை சில நூறு வெள்ளியிலிருந்து தொடங்கும் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு கேளுங்கள். கேட்கும்போது மேகத்தின் அளவு, எடுத்த தேதி, சாய்வுக் கோணம் மூன்றையும் கேட்க வேண்டும். செயற்கைக்கோள் ரொம்பச் சாய்ந்து எடுத்திருந்தால் கோபுரங்கள் ஒரு பக்கம் படுத்திருக்கும், வட்டம் நீள்வட்டமாகிவிடும். 15 பாகைக்குள் இருந்தால் நல்லது.

திரையிலிருந்து பிடித்த படத்தை அச்சடிப்பது பற்றி: தெளிவின்மை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் படங்களின் உரிமை அவற்றை எடுத்த நிறுவனங்களுடையது, வீட்டுக்குள் மாட்டுவதற்கும் விற்பதற்கும் விதிமுறைகள் வேறு வேறு. நான் சட்டம் படித்தவன் இல்லை. அதனால் வாங்கும்போதே "சொந்த வீட்டில் மாட்ட, ஒரு பிரதி" என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நம் சிங்கப்பூர்ச் செயற்கைக்கோள் எடுத்த படம் கிடைக்குமா என்று இன்னொருவர் கீழே கேட்டிருந்தார். 2015 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட டெலியோஸ்-1 ஒரு மீட்டர் பிக்சல் தரும்படி செய்யப்பட்டது. ஆனால் நம் வட்டாரத்தை அடிக்கடி பார்ப்பதற்காகவே அதைப் பூமத்திய ரேகையை ஒட்டிய பாதையில் விட்டார்கள், ரேகைக்கு அந்தப் பாதையின் சாய்வு 15 பாகைதான். குய்சோ அதன் பார்வைக்கு எட்டாது. 2023இல் போன டெலியோஸ்-2 ரேடார் செயற்கைக்கோள், இந்த வகைப் படம் எடுக்காது.

ஃபாஸ்ட்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இல்லை என்றால் வேறு சில யோசனைகள். செலவே செய்ய விருப்பம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள விஎல்ஏ என்ற ரேடியோ தொலைநோக்கி வரிசை. அங்கே 25 மீட்டர் விட்டமுள்ள 27 கிண்ணங்கள் ஒய் வடிவத்தில் பரவி நிற்கின்றன, ஒவ்வொரு கையும் 21 கிலோமீட்டர் வரை நீளும். இலவச 10 மீட்டர் படத்தில் ஒவ்வொரு கிண்ணமும் இரண்டு மூன்று பிக்சல் புள்ளிதான், ஆனால் அந்தத் தண்டவாளக் கைகள் பாலைச் சமவெளியில் மெல்லிய கோடாக ஓடுவதைத் தேடிப் பார்க்கலாம். நிலப்பரப்பே பெரியது என்பதால் சுவரை நிரப்பப் பிக்சல் பஞ்சம் வராது. இரண்டாவது, புவேர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ ரேடியோ தொலைநோக்கி. 1963இல் திறந்த 305 மீட்டர் கிண்ணம் அது. 2020 ஆகஸ்டில் ஒரு கம்பிவடம் பிடியிலிருந்து கழன்றது, நவம்பரில் இன்னொன்று அறுந்தது, டிசம்பர் 1 அன்று 900 டன் மேடை அப்படியே கிண்ணத்தின் மேல் விழுந்தது. அதற்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் ஒரு பெரும் கருவியின் வாழ்வே சுவரில் இருக்கும். மனத்துக்குக் கனமான படம்தான், ஆனால் வானியல் பிடித்தவர் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. அதன் அளவை மனத்தில் நிறுத்த வேண்டுமானால் காலாங்கில் இருக்கும் தேசிய விளையாட்டரங்கத்தின் கூரையைப் பாருங்கள், அதன் விட்டம் 310 மீட்டர். இலவச சென்டினல்-2 படத்தில் அந்தக் கூரையைத் தேடி, 31 பிக்சலில் அது எப்படித் தெரிகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். அரசிபோ கிட்டத்தட்ட அதே அளவுதான். காசு செலவில்லாத சோதனை இது.

மூன்றாவதை நம்மவர்கள் அவ்வளவாக நினைப்பதில்லை: உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் இருக்கும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970இல் இயங்கத் தொடங்கியது. கிண்ணம் இல்லை, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள நீண்ட பரவளைய உருளை. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை, அதே 11 பாகைச் சரிவுள்ள மலைப்பக்கத்தைத் தேடி, வடக்குத் தெற்காகப் படுக்க வைத்தார்கள். அதனால் உருளையின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இவ்வளவு குறைந்த பொருளில் இவ்வளவு பெரிய யோசனை! இதன் எதிரொளிப்புப் பரப்பு 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளால் ஆனது, அவை எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் தனித்தனியாகத் தெரியாது. தெரிவது 24 சட்டங்களின் வரிசையும் அதன் நிழலும்தான். 50 சென்டிமீட்டர் படத்தில் 1,000 பிக்சலுக்கு மேல் நீளமும் 60 பிக்சல் அகலமும் உள்ள ஒரு கோடு, மலைச்சரிவில். குறுகிய நீளச் சுவருக்கு, நெட்டாகத் தொங்கவிட, நன்றாக இருக்கும். தமிழ் வீட்டில் இதை ஏன் யாரும் மாட்டுவதில்லை என்று எனக்கு வருத்தமே உண்டு.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. "இது உண்மையான நிறமா?" என்று வீட்டுக்கு வருபவர்கள் கட்டாயம் கேட்பார்கள். சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைச் சேர்த்த படம் உண்மைக்கு நெருக்கமானது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் எந்தப் பச்சை சரியான பச்சை என்பதைப் படத்தைச் செய்பவர்தான் முடிவு செய்கிறார். விண்ணிலிருந்து எடுக்கும் படத்தில் காற்று நீலமாகப் படிந்திருக்கும், அதை நீக்க வேண்டும். எவ்வளவு நீக்குவது என்பதில் ரசனை கலந்துவிடுகிறது. 30 சென்டிமீட்டர் வண்ணப் படத்திலும் அந்த நுணுக்கம் கறுப்பு வெள்ளைப் பதிவிலிருந்து வருவது, நிறம் 1.24 மீட்டர் பிக்சலிலிருந்து எடுத்துப் பூசப்பட்டது. சுவர்ப் படத்துக்கு இதனால் குறையொன்றும் இல்லை. கிண்ணத்தின் உலோகப் பரப்பு பளீரென்றும் காடு இருட்டாகவும் இருப்பதுதான் பெரிய சிக்கல். தானியங்கிச் சரிசெய்தலில் விட்டால் கிண்ணம் வெளுத்துப் போகும். வெளிச்ச வேறுபாடுகளை நுணுக்கமாக வைத்திருக்கும் 16 பிட் கோப்பாகவே கேட்டு வாங்கி, கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் கிண்ணத்தை முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு காட்டை மெல்ல வெளிச்சமாக்குங்கள்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்களைப் பலர் பரிந்துரைப்பார்கள். இந்தப் படத்துக்கு அது வேண்டவே வேண்டாம். கிண்ணத்தில் 4,450 பலகைகள் இருக்கின்றன, பெரும்பாலானவை சுமார் 11 மீட்டர் பக்கமுள்ள முக்கோணங்கள். மென்பொருள் அவற்றுக்கு நடுவே இல்லாத கோடுகளைப் போடும், மரங்களுக்கு இல்லாத இலைகளைத் தரும். பார்க்கக் கூர்மையாக இருக்கும், ஆனால் அது ஃபாஸ்ட் ஆக இருக்காது. மங்கலாக இருந்தாலும் அன்று காலை உண்மையிலேயே அங்கிருந்து வந்த வெளிச்சம் சுவரில் இருப்பதுதானே இந்தப் படத்தின் பெருமை.

அச்சு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பென்கூலன் சாலை சன்ஷைன் பிளாசாவில் பெரிய அளவு அச்சடிக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, சட்டம் போட பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போகலாம். நம் ஊர் ஈரத்துக்குக் காகிதம் நெளியும், கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். அலுமினியப் பலகையில் நிறமி மையால் அச்சடித்து, பளபளப்பில்லாத மேற்பூச்சு கேளுங்கள். பளபளப்பு இருந்தால் ஜன்னலும் மின்விசிறியும்தான் படத்தில் தெரியும். வெளிச்சுவராக இருந்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறும், படத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். மேற்கு வெயில் நேராக விழும் சுவர் என்றால் வேறு சுவர் பாருங்கள், எந்த மையும் அங்கே நிறம் மங்கத்தான் செய்யும்.

முழுப் படத்தையும் அச்சடிக்கும் முன், கிண்ணத்தின் விளிம்பும் காடும் ஒரு மலையும் வரும்படி ஏ3 அளவுத் துண்டு ஒன்றை அசல் அளவிலேயே அச்சடித்து, அதே சுவரில் ஒட்டி, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். திரையில் சரியாக இருந்த காடு அச்சில் கறுத்துப்போவது சகஜம், அப்படியானால் காட்டை இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். மறுவிற்பனையாளரிடமிருந்து முன்னோட்டமும் எடுத்த தேதியும் வந்ததும் இங்கே எழுதுங்கள், நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு விழும் என்று பார்த்துச் சொல்கிறேன்.